பெட்டிசம் றஞ்சிதத்தின் வழக்கு

ஊரில் றஞ்சிதத்தை எவருக்கும் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும். அதைப்பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

நறுவிலிக்குளத்துப் பக்கம் போய் வெறுமனே றஞ்சிதம் என்று கேட்டால் எந்த றஞ்சிதம் என்பார்கள். பெட்டிசம் றஞ்சிதம் என்றால் கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, ஏன் தேடுகிறீர்கள் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள். காலாவதியான பால்மாப் பெட்டி விற்ற கடைக்காரர், ரிக்கற் கிழிக்காத பஸ் கொண்டக்டர், தன் சொந்தக்காரனின் வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் திறந்துவிட்டவர் என்று அவள் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதி முறையிடாத ஆள் அங்கே குறைவு. எழுதியதில் பெரும்பகுதி உண்மை. ஊருக்கு எரிச்சல் அதனால்தான்.

அந்தப் பழக்கம் அவளுக்கு அகதி முகாமில் வந்தது. யுத்தம் முடிந்த வருடம் கூடாரத்துக்குள் வெள்ளம் ஏறியபோது, கைக்குழந்தையைக் கழித்தால் எட்டுப் பேர் படுத்த இடத்தில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. வரிசையில் நின்று ஆறு நாட்கள் வாயால் சொன்னாள். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் கொப்பித் தாளில் எழுதி நான்கு இடத்துக்குக் கொடுத்தாள். பத்தாம் நாள் கூடாரத்தை மேட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வாயால் சொன்னால் காற்றோடு போகும், கடதாசியில் எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

ஊர் திரும்பியபோது அவர்களுடைய மூன்று ஏக்கர் வயலில் உடைமுள் ஆள் உயரத்துக்கு நின்றது. அவளும் கணவர் நாகேந்திரமும் இரண்டு வருடம் அதை வெட்டினார்கள். வரம்புகளைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி கட்டினார்கள். அரச காணியான அதன் அனுமதிப்பத்திரம் நாகேந்திரத்தின் தகப்பன் பேரில் இருந்தது. தகப்பன் இடப்பெயர்வில் செத்துப்போனார். பேர் மாற்றவேண்டும் என்று றஞ்சிதம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாகேந்திரம், அண்ணனிடம் கேட்க வேண்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊருக்கெல்லாம் பெட்டிசம் எழுதியவளுக்குத் தன் வீட்டுக் கடதாசியை ஒழுங்கு செய்ய முடியவில்லை.

அண்ணன் ஏரம்பு வவுனியாவில் இருந்தார். காடு வெட்டும் காலம் முழுக்க அங்கேயே இருந்தார். வயல் வயலாக மாறிய பிறகு ஒரு உழவு இயந்திரத்தோடு ஊர் வந்து சேர்ந்தார். தம்பி உயிரோடு இருக்கும்வரை காணிப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஆனி மாதம், நாகேந்திரம் வாய்க்கால் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து அங்கேயே இறந்தார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட்ட நேரத்தில் ஏரம்பு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"அப்பான்ர பேரில இருக்கிற காணி. மூத்தவன் நான். தம்பி இருக்குமட்டும் செய்யட்டும் எண்டு விட்டனான். இனி நான் பாப்பன்."

றஞ்சிதம் கையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எழுதித் தாங்கோ அத்தான்," என்றாள். "நீங்கள் இப்ப சொன்னதை ஒரு கடதாசியில எழுதித் தாங்கோ. காடு வெட்டின ரெண்டு வருசமும் எங்க இருந்தனீங்கள் எண்டதையும் சேத்து எழுதுங்கோ."

சனம் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரம்பு எழுதிக் கொடுக்கவில்லை.

புரட்டாதி பிறக்கும் நேரம் மகள் ஹம்சிகாவுக்குப் பிரசவம். றஞ்சிதம் செப்டம்பர் ஒன்பதாம் திகதி வவுனியாவுக்குப் போய் ஆஸ்பத்திரியிலும் மகள் வீட்டிலுமாக நின்றாள். பதினெட்டாம் திகதி திரும்பி வந்தபோது வயலைச் சுற்றிச் சீமெந்துத் தூண்கள் நின்றன. ஐந்து வரி முள்ளுக்கம்பி. உள்ளே ஏரம்புவின் மகன் சுகந்தன் உழுதுகொண்டிருந்தான். அவள் கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

"சின்னம்மா, தள்ளி நில்லுங்கோ. சில்லுக்குள்ள அம்பிட்டியளெண்டா நான் பொறுப்பில்லை," என்றான் சுகந்தன். மெசினை நிறுத்தாமல் அவள் பக்கமாகத் திருப்பினான்.

அவள் நகரவில்லை. ஒரு மண்கட்டியைத் தூக்கி எறிந்தாள். அது அவன் தோளில் பட்டது. அவன் இறங்கி வந்து அவளுடைய மேற்கையைப் பிடித்து வேலிவரை இழுத்துக்கொண்டு போய்க் கம்பிக்கு வெளியே தள்ளினான். முள் அவள் முதுகில் நீளமாகக் கீறியது. பக்கத்து வயல்களில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கே பொலிசுக்குப் போனாள். இரு பகுதியையும் மூன்று தரம் விசாரித்தார்கள். சமரசம் வரவில்லை. காணிப் பிரச்சினையால் அமைதி குலையலாம் என்று நவம்பர் ஆறாம் திகதி மன்னார் நீதிமன்றத்தில் அறிக்கை போட்டார்கள். இப்படியான வழக்கைச் சனம் 'அறுபத்தாறு' என்று சொல்லும். சட்டத்தில் அந்தப் பிரிவின் இலக்கம் அது. காணி யாருக்குச் சொந்தம் என்று அதில் பார்ப்பதில்லை. யார் கையில் இருந்தது, யார் பலவந்தமாக எடுத்தது என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

றஞ்சிதம் சட்டத்தரணி தேடினாள். நகரத்தில் முதலில் போன இடத்தில், ஏரம்பு முந்திக்கொண்டு வந்து வழக்கைக் கொடுத்துவிட்டார் என்றார்கள். இரண்டாவது சட்டத்தரணி அவளுடைய பேரைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நாலு வருசத்துக்கு முந்தி என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினது நீங்கள்தானே?"

"ஓம். வீட்டு வளவின்ர உறுதிப் பத்திரத்தைத் தராமல் பத்து மாசம் அலைய வைச்சனீங்கள்."

"அப்ப நல்லா எழுதத் தெரிஞ்ச ஆள். வழக்கையும் நீங்களே பேசுங்கோ."

அவள் அதையே செய்வதென்று தீர்மானித்தாள். பதினாலு பக்கம் எழுதினாள். வழக்குத் தவணையன்று அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பாலம் கடந்து மன்னாருக்குப் போனாள். நீதிமன்ற வாசலில் வழமைபோல இரண்டு கழுதைகள் வழியை மறித்துப் படுத்திருந்தன. காவலுக்கு நின்றவர் பையைத் திறக்கச் சொன்னார், செருப்பைப் பார்த்தார், தொலைபேசியை வாங்கி வைத்தார். உள்ளே ஏரம்பு வெள்ளை வேட்டியோடு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊர்க்காரர் ஏழு பேர். அவள் வாங்கின் மறுமுனையில் இருந்ததும் அந்த ஏழு பேரும் எழும்பிப் போய்ச் சுவரோரம் நின்றார்கள்.

வழக்கைக் கூப்பிட்டதும் ஏரம்புவின் சட்டத்தரணி எழுந்து தன் கட்சிக்காரருக்காகத் தோன்றுவதாகச் சொன்னார். நீதவான் அவளைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சட்டத்தரணி?"

"இல்லை ஐயா. நானே கதைப்பன். எல்லாம் எழுதிக்கொண்டு வந்தனான்."

சட்டத்தரணிகள் இருந்த பக்கத்தில் யாரோ சிரித்தார். நீதவானுக்குக் கீழே நின்ற நீதிமன்ற முதலியார் அவளுடைய கடதாசிக் கட்டை வாங்கி மேலே கொடுத்தார். நீதவான் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, இது முறைப்பாடு. நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசி வேணும். மூன்று கிழமை தருகிறேன். வெளியே விறாந்தை முடிவில இலவச சட்ட உதவி மேசை இருக்கு. அங்க போங்கோ."

எதிர்ப்பக்க வாங்கிலிருந்து சுகந்தன் சொன்னது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"இலவசமாம். பிச்சைக்குப் போகச் சொல்லீற்றார்."

விறாந்தை முடிவில் ஒரு சிறிய அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டு உடைந்த அலுமாரி. சட்டத்தரணி இல்லாதவர்களுக்கு உதவி என்று பலகை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் பேர் றிப்கா. முப்பது வயதுதான் இருக்கும், கறுப்புக் கோட்டுக்கு மேல் தலையை மூடிச் சால்வை. வாசலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். றஞ்சிதத்தின் முறை வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. றிப்கா பதினாலு பக்கத்தையும் நின்ற நிலையில் புரட்டினாள்.

"இதில எனக்குத் தேவையானது ரெண்டு வரிதான் அம்மா. மற்றதெல்லாம் கோபம்."

"கோபம் வராமல் என்ன செய்யும்? என்னை முள்ளுக்க தள்ளினவங்கள்."

"அதையும் எழுதுவம், ஒரு வரியில. வேலி எப்ப போட்டது?"

"நான் இல்லாத நேரம். ஒன்பதுக்கும் பதினெட்டுக்கும் இடையில."

"எண்டைக்கு?"

"நான் இல்லாத நேரமெண்டு சொல்லுறன். எனக்கு எப்பிடித் தெரியும்?"

றிப்கா பேனையை வைத்துவிட்டு விளங்கப்படுத்தினாள். பொலிஸ் நீதிமன்றத்துக்கு வந்த நாளிலிருந்து பின்னுக்கு இரண்டு மாதம் எண்ணவேண்டும். செப்டம்பர் ஆறாம் திகதிக்குப் பிறகு பறித்திருந்தால் காணியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் கட்டளை போடலாம். அதற்கு முந்திப் பறித்ததென்றால், இப்போது யார் கையில் இருக்கிறதோ அவரிடமே விட்டுவிடும்.

"அவையள் நிச்சயமா முந்தியே போட்டதெண்டுதான் சொல்லுவினம். நீங்கள் திகதியைக் காட்டோணும்."

"நீங்கள் காசு வாங்காமல் செய்யிறியள். அப்பிடிச் செய்யிற வேலைக்கு இவ்வளவு கேள்வியா?"

"காசு வாங்கினாலும் இதே கேள்விதான். இந்த உதவிக்கு வருமானக் கடிதம் வேணும், ஊர் விதானையிட்ட எடுத்துக்கொண்டு புதன்கிழமை வாங்கோ. அடுத்த ஆள்."

சத்தியக் கடதாசி போனது. நீதிமன்ற அறிவித்தலை வயல் வேலியில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஊர் இன்னும் இறுகியது. கடையில் அவள் கேட்ட சாமான் எதுவும் இருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த சாமானும் இல்லையென்றார்கள். பிள்ளையார் கோயில் பொங்கலில் பிரசாதம் கொண்டுவந்தவர் அவளுக்கு முன்னால் வந்ததும் தாம்பாளத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு அப்பால் போனார். கார்த்திகையில் ஒரு நாள் காலை கிணற்றில் வாளியைப் போட்டாள். வாளி நிறையக் கறுப்பு எண்ணெய் வந்தது, மெசினிலிருந்து கழிக்கும் எண்ணெய். நான்கு நாள் இறைத்தாள். நாற்றம் போகவில்லை. பக்கத்துக் கிணறு முப்பது அடி தூரத்தில் இருந்தது. அது பல வருடமாக அவளோடு பேசாத மனோன்மணியின் கிணறு. றஞ்சிதம் அங்கே போகாமல் சந்திக் குழாயிலிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மகள் தொலைபேசியில் அழுதாள். "விடுங்கோ அம்மா. என்னோட வந்து இருங்கோ. அந்தச் சனத்தோட உங்களுக்கு ஏன்?"

"நான் வந்தா அவங்களுக்குச் சுகம்," என்று சொல்லி அவள் தொலைபேசியை வைத்தாள்.

அடுத்த தவணையில் நீதவான் சமரசத்துக்கு இடமிருக்கிறதா என்று கேட்டார். கேட்பது முறை. ஏரம்பு பகுதி, மேட்டுப் பக்கமாக அரை ஏக்கரை அவள் செய்யலாம் என்றது. றிப்கா அவளை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்து அதைச் சொன்னாள்.

"எடுத்தா இண்டைக்கே முடியும். எடுக்காட்டி, திகதிக்குச் சாட்சி இல்லாமல் முழுசும் போகலாம். முடிவு உங்கட."

"நீங்கள் ஆரின்ர லோயர்?"

"உங்கட. அதாலதான் ரெண்டையும் சொல்லுறன்."

றஞ்சிதம் மாட்டேன் என்றாள். வெளியே வந்தபோது சிற்றுண்டிச்சாலையில் றிப்காவும் ஏரம்புவின் சட்டத்தரணியும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். அவர் என்னவோ சொல்ல றிப்கா சிரித்தாள். றஞ்சிதம் வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றாமல் இருந்து எழுதினாள். இலவச சட்டத்தரணி எதிராளியின் சட்டத்தரணியோடு சேர்ந்து தன் காணியைப் பங்கு போடப் பார்க்கிறார் என்று எழுதி, கொழும்பிலுள்ள சட்ட உதவித் தலைமையகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்பினாள்.

மார்கழியில் எதிர்ப்பகுதியின் சத்தியக் கடதாசிகள் வந்தன. வேலி ஆடி மாதம், ஜூலை இருபதில் போடப்பட்டது என்று ஏரம்பு சொல்லியிருந்தார். அந்த ஏழு பேரும் அதையே ஒரே வசனத்தில் சொல்லியிருந்தார்கள். மறுப்புக் கொடுக்க இரண்டு கிழமை இருந்தது. றஞ்சிதம் மேசைக்குப் போனபோது றிப்கா அந்தப் படிகளை அவளுக்குப் படித்துக் காட்டினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து வேறொரு கடிதத்தை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தாள். அது றஞ்சிதத்தின் கையெழுத்து.

"இதுக்கு விளக்கம் கேட்டிருக்கினம். எழுதிக் குடுத்திட்டன். ஒரு இரவு போச்சு."

றஞ்சிதம் கடிதத்தைப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை.

"கண்டதைத்தான் எழுதினனான்."

"தேத்தண்ணி குடிச்சதைக் கண்டனீங்கள். அது சரி. காணியைப் பங்கு போட்டதை எங்க கண்டனீங்கள்?"

றஞ்சிதம் கடிதத்தை றிப்காவின் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்கள் வேணுமெண்டா வேற ஆளைக் கேக்கலாம், அம்மா. எழுதிக் குடுத்தா மாத்துவினம். ஆனா அதுக்கிடையில இந்த ரெண்டு கிழமை போயிடும்."

"வேற ஆள் ஆரும் இருக்கினமே?"

"இப்போதைக்கு நான் மட்டும்தான்."

"அப்ப இருக்கட்டும்," என்றாள் றஞ்சிதம்.

றிப்கா கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அவளுக்கு முகம் சிவந்திருந்தது. குரலை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டாள்.

"உங்கட வயலுக்குப் பக்கத்தால புரட்டாதியில தினம் போய்வாற ஆள் ஆர்?"

"அந்த ஏழு பேரும்தான். எல்லாரும் அவங்கட ஆக்கள்."

"வேற?"

"மனோன்மணி. அவவின்ர மாடுகள் என்ர வயலுக்குள்ளாலதான் போய்வரும். ஆவணியில நான் வயல் விசயம் பாக்கிற கமநல கந்தோருக்குப் பெட்டிசம் போட்டனான். விசாரணையில மாடு அங்க போறதே இல்லையெண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தவ."

"அப்ப வேலி போட்டதை அவ கண்டிருப்பா."

"அவ எனக்காக வாய் திறக்கமாட்டா."

"உங்களுக்காக எண்டு நான் சொல்லேல்லையே. கண்டதைச் சொல்லுறதுக்கு. போய்க் கேளுங்கோ."

மனோன்மணிக்கு அறுபத்தெட்டு வயது. கணவனும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பதினொரு மாடுகள் இருந்தன. றஞ்சிதத்தோடு முறிந்து பல வருடம். றஞ்சிதம் வாசற் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். மனோன்மணி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப என்னத்துக்கு எழுதப்போறாய்?"

"எழுத வரேல்ல. என்ர வயலுக்கு வேலி போட்டதை நீங்கள் கண்டனீங்களோ?"

"உன்ர வயலெண்டு ஆர் சொன்னது? கோர்ட்டு இன்னும் சொல்லேல்லையே."

"கண்டனீங்களோ இல்லையோ?"

"கண்டனெண்டு சொன்னா, உன்ர வயலுக்க நான் ஏன் நிண்டனான் எண்டு கேப்பாங்கள். மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போனனான் எண்டு நான் சொல்லோணும். பிறகு கந்தோரில என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்கள், பொய்க்காரி எண்டு. நீ வாசலில நிண்டு சிரிப்பாய்."

"நான் எழுதினது பொய்யில்லையே."

மனோன்மணி வாளியைக் கீழே வைத்தாள். வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரைப் படலைப் பக்கமாக வீசினாள். றஞ்சிதத்தின் சேலைக்கரை நனைந்தது.

"போ. உன்ர பெட்டிசத்தைக் கொண்டுபோய்ச் சாட்சிக்கு வை."

றஞ்சிதம் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று அவளுக்குப் படவில்லை. ஆனால் அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. வழக்குப் போய்விட்டது என்று நினைத்தாள். இறந்துபோன கணவனைக் கூட ஏசினாள்.

மறுப்புக் கொடுக்கும் கடைசி நாளுக்கு முதல் நாள், காலையில், றஞ்சிதம் றிப்காவின் மேசைக்கு முன்னால் இருந்தபோது மனோன்மணி நீதிமன்ற விறாந்தையில் நடந்து வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. வாசலில் நின்று றிப்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"நீதானே பிள்ளை அந்த லோயர்? இந்தப் பொம்பிளை வெளிய நிக்கட்டும். அப்பத்தான் கதைப்பன்."

றஞ்சிதம் எழுந்து வெளியே போனாள். யன்னலுக்குக் கண்ணாடி இருக்கவில்லை. உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"நேற்று ஏரம்புவின்ர பெடியன் சுகந்தன் ஒரு கடதாசியோட வந்தான். கைநாட்டு வையணை எண்டான். எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சவன். நான் ஏழாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசிச்சன். ஆடி மாசம் வேலி போட்டதை நான் கண்டனானாம். ஆடியில அங்க வேலி இல்லைப் பிள்ளை. என்ர மாடு அங்கதான் மேய்ஞ்சது. வைக்கமாட்டன் எண்டன். வைக்காட்டி உன்ர மாடுகள் எந்த வாய்க்காலிலயும் தண்ணி குடியாது கிழவி எண்டான். என்ர முற்றத்தில நிண்டு சொன்னான்."

"வேலி எப்ப போட்டதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. "மாட்டுக்கு ஊசி போட்ட நாள். டொக்டர் அட்டையில திகதி போட்டிருக்கு. சாய்ச்சுக்கொண்டு போகேக்க வழி இருந்தது. ஊசி போட்டுத் திரும்பி வரேக்க கிடங்கு கிண்டித் தூண் நட்டுக்கொண்டு நிண்டாங்கள். பதினொரு மாட்டையும் குளக்கட்டால சுத்திக்கொண்டு வந்தனான்."

"செப்டம்பர் பன்னெண்டு," என்று றிப்கா வாசித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, மாடு அந்த வயலால போறதெண்டு இதில வரும். கமநல விசாரணையில நீங்கள் சொன்னது பொய்யெண்டு தெரியவரும். யோசிச்சுச் செய்யுங்கோ."

"தெரியட்டும். அது என்ர பொய். அவன்ர பொய்க்கு நான் ஏன் கைநாட்டு வைக்கோணும்?"

றிப்கா எழுதி, ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் 'அத்துமீறி' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மனோன்மணி சண்டை பிடித்தாள். மாட்டுக்கு வேலி தெரியாது என்றாள். றிப்கா அதை எடுத்தாள். சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் மனோன்மணி தன் பேரை முழுதாக எழுதிக் கையொப்பம் வைத்தாள்.

இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸுக்குத்தான் நின்றார்கள். றஞ்சிதம் கிட்டப் போனாள்.

"மனோன்மணியக்கா..."

"கதையாதை. உனக்காக வந்தனான் எண்டு ஊருக்குள்ள சொன்னியெண்டாச் செருப்பால அடிப்பன்."

பஸ் வந்தது. ஒருத்தி முன்னால் ஏறினாள், மற்றவள் பின்னால் ஏறினாள்.

அந்தக் கிழமையே மனோன்மணியின் வைக்கோல் போர் எரிந்தது. யார் என்று எவரும் காணவில்லை. றஞ்சிதம் தன் வீட்டிலிருந்த கடைசி வைக்கோல் கட்டுகளைச் சைக்கிளில் கொண்டுபோய் அவளுடைய வேலியோரம் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அதை மாடுகள் தின்றுகொண்டிருந்தன. இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

வழக்கு எழுத்திலேயே நடந்தது. றிப்கா ஏழு பேரின் கடதாசிகளையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்து, எழுத்துப் பிழை உட்பட ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினாள். ஊசி அட்டையின் பிரதியை இணைத்தாள். ஓகஸ்ட் இருபத்தாறாம் திகதி கமநல நிலையத்தில் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்ட மாட்டுப் பெட்டிசத்தையும் இணைத்தாள். ஜூலையிலேயே வேலி போட்ட வயலுக்குள் மாடு எப்படிப் போனது என்று ஒரே ஒரு கேள்வி எழுதினாள். ஏரம்புவின் சட்டத்தரணி, இவள் ஊரையே எதிர்த்து முறைப்பாடு எழுதும் பெண், நம்பத்தகாதவள் என்று நீளமாக எழுதியிருந்தார். அதை வாசித்துக் காட்டியபோது றஞ்சிதம் எதிர்த்து எழுதச் சொன்னாள்.

"தேவையில்லை," என்றாள் றிப்கா. "உங்களை ஊருக்குப் பிடிக்குமோ எண்டு கோர்ட்டு கேக்கேல்லை."

இதற்கிடையில் மாசியில் ஏரம்பு அந்த வயலில் விதைத்ததை அறுவடை செய்தார். நெல் மூட்டைகள் அவளுடைய வாசலால் ஏற்றிப் போகப்பட்டன. வேறு பாதை இருந்தும் அந்த வழியாகக் கொண்டுபோனார்கள். சுகந்தன் வாசலில் நிறுத்தி ஹோர்ன் அடித்தான். அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அழுதாள் என்று பிறகு மகளுக்குச் சொன்னாள்.

மார்ச் பத்தொன்பதில் கட்டளை வந்தது. நீதவான் தலையைத் தூக்காமல் வாசித்தார். செப்டம்பர் பன்னிரண்டாம் திகதி வரை காணி றஞ்சிதத்தின் கையில் இருந்தது, அன்று அது அவளிடமிருந்து பலவந்தமாகப் பறிக்கப்பட்டது, தகுதியான நீதிமன்றம் உரித்தைத் தீர்மானிக்கும்வரை காணியின் இருப்பு, அதாவது வைத்துச் செய்யும் உரிமை, அவளுக்கே, வேலி அகற்றப்படவேண்டும். எடுத்துப்போன நெல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட இல்லை.

றஞ்சிதம் மேசைக்கு வந்தாள். வாசலில் அன்றைக்கும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். றிப்கா ஒரு வயதான மீனவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தாள். றஞ்சிதம் குறுக்கே போய் நின்றாள்.

"கொழும்புக்கு இன்னொரு கடிதம் எழுதப்போறன். முதல் எழுதினதை வாபஸ் எடுக்கிறன் எண்டு."

"எழுதுங்கோ. ஒரு பக்கத்துக்குள்ள எழுதுங்கோ," என்றாள் றிப்கா. "பிரதேச செயலகத்தில பேர் மாத்திற விண்ணப்பத்தையும் இந்த மாசமே போடுங்கோ. இண்டைக்கு வந்தது இருப்பு மட்டும்தான். காணி ஆருக்கெண்டது இன்னும் தீரேல்ல. அவையள் சும்மா இருக்கமாட்டினம்."

நன்றி என்ற சொல்லை றஞ்சிதம் சொல்லவில்லை. றிப்கா அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. மீனவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வேலி பிடுங்கும் நாள் நீதிமன்ற அலுவலரும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். ஊர் குளக்கட்டில் நின்று பார்த்தது. தூண்களைச் சுகந்தன்தான் ஏற்றினான். ஒவ்வொரு தூணையும் உழவு இயந்திரப் பெட்டிக்குள் எறிந்தான். கடைசித் தூண் ஏறியதும் ஏரம்பு அவளுக்குக் கிட்ட வந்தார்.

"சந்தோசப்படாதை. உரித்து வழக்குப் போட்டிட்டன். உன்னைத் தெருவில விட்டிட்டுத்தான் சாவன்."

"தவணை விழுந்தாச் சொல்லுங்கோ," என்றாள் றஞ்சிதம். "வாறன்."

அவர் துப்பிவிட்டுப் போனார். அலுவலர் ஒரு படிவத்தில் அவளிடம் கையொப்பம் வாங்கினார். எல்லோரும் போன பிறகு வயலில் அரிதாளும் உழவு இயந்திரம் உடைத்துப்போட்ட வரம்புகளும்தான் மிஞ்சின. மேற்குப் பக்கத்து வரம்பு ஐந்து இடத்தில் அறுந்திருந்தது. மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. றஞ்சிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து, முதல் உடைப்பிலிருந்து கட்டத் தொடங்கினாள்.